‘புரிஞ்சுதா?’ன்னு மட்டும் கேட்காதீங்க டீச்சர்!

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

“புரிஞ்சது டீ...ச்சர்!”

முப்பத்து நான்கு குரல்கள், ஒரே ராகம். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காகூட எழுந்து பறந்துவிட்டது. புது டீச்சருக்கு மனசு நிறைந்துபோனது. கடன் வாங்கிக் கழிப்பதை ஒரே பீரியடில் முடித்தாயிற்று! அதே உற்சாகத்தில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போட்டார். 5,003-லிருந்து 1,768-ஐக் கழிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து நோட்டுகளைப் பார்த்தால், 3,235 என்று சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். அதிலும் கடைசி வரிசையில் இரண்டு பேர் வழிமுறை எதுவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருந்தார்கள். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று புது டீச்சரே முடிவு கட்டிக்கொண்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அது. அவருக்கு அங்கே அது மூன்றாவது வாரம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். டெட் தேர்வு, அதற்கப்புறம் போட்டித் தேர்வு, நடுவில் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு ஐந்து வருடம் என்று காத்திருந்து வாங்கிய வேலை. டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் டவுன் பஸ் பிடித்து வருகிறார். ஐந்தாம் வகுப்பு முழுக்க அவர் பொறுப்பு.

நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புதான். அந்தப் பக்கம் இருப்பவரைப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். 1989-ல் வேலைக்குச் சேர்ந்தவர், இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்.

“அந்த ராகத்தை நம்பாதம்மா. ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டா ‘புரிஞ்சது’ன்னு சொல்றது ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அதுங்களுக்குப் பழகிப்போன பாட்டு. புரியலன்னு ஒருத்தன் எழுந்து நின்னா மத்தவன் சிரிப்பான். எதுக்கு வம்புன்னு அவனும் சேர்ந்து பாடிடுவான்.”

“வேற எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?”

“கேட்காத. செய்யச் சொல்லிப் பாரு. அந்தத் தப்பு நோட்டையெல்லாம் எடு, பார்க்கலாம்.”

இருவரும் நோட்டுகளைப் பரப்பினார்கள். பத்தொன்பது பிள்ளைகள் ஒரே தப்பான விடையை எழுதியிருந்தார்கள்: 4,765. மூன்றிலிருந்து எட்டு போகாது என்றதும் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து ஐந்து. பூஜ்யத்திலிருந்து ஆறு போகாது, அதனால் ஆறு. அடுத்து ஏழு. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். கவனக்குறைவாக இருந்தால் ஆளுக்கொரு விடை வந்திருக்கும். பத்தொன்பது பேருக்கும் ஒரே விடை வருகிறது என்றால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழி தவறியிருக்கிறார்கள். திருத்தும்போது சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

மறுநாள் காகிதத்தில் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று ரூபாய் நோட்டுகள் வெட்டிக்கொண்டு வந்தார் புது டீச்சர். கையில் ஐந்து ஆயிரமும் மூன்று ஒரு ரூபாயும் இருக்கின்றன. கடைக்காரருக்கு 1,768 கொடுக்க வேண்டும். சில்லறை இல்லை. என்ன செய்வது? ஓர் ஆயிரத்தைப் பத்து நூறாக மாற்று. அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்று. அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்று. ‘கடன் வாங்குவது’ என்றால் பிடிபடாதவர்களுக்குச் ‘சில்லறை மாற்றுவது’ என்றதும் பிடிபட்டது. கடையில் பால் பாக்கெட் வாங்கிவரும் பிள்ளைகள்தானே! முழுசாக இரண்டு பீரியடு ஆனது. பாடத்திட்ட அட்டவணைப்படி பார்த்தால் அது தாமதம்தான்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் இருவருக்கும் பாட வேளை ஆனது.

பெரிய டீச்சர் ஒருநாளும் வரிசை போட்டு அறிவுரை சொன்னதில்லை. கண்ணில் பட்டதைச் சொல்வார். “மணி அடிக்கும்போது நீ ஸ்டாப் ரூம்ல இருக்கக் கூடாது, உன் கிளாஸ் வாசல்ல இருக்கணும்” என்பார். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் வாசலில் நின்று பார்த்துவிட்டால், அன்று யார் சாப்பிடவில்லை, யார் வீட்டில் சண்டை, யாருக்குக் காய்ச்சல் என்று பாதி தெரிந்துவிடுமாம். பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே கரும்பலகையில் தேதியும் இரண்டு சின்னக் கணக்கும் இருக்க வேண்டும். வந்தவர்கள் உட்கார்ந்து போட ஆரம்பித்துவிடுவார்கள். வருகைப் பதிவேடு எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடையாக ஆகாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

பெயர் விஷயத்தில் மட்டும் அவர் ரொம்பக் கண்டிப்பு. முதல் வாரத்துக்குள் முப்பத்து நான்கு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். “ஏய், நீலக் கலர் ரிப்பன்!” “கடைசி பெஞ்ச்!” என்று கூப்பிட்டால் முறைப்பார். ஒரு தாளில் வகுப்பறையைப் படம் போட்டு, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று பெயர் எழுதி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பெண்கள். இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டு, இனிஷியலே அவர்களுக்குப் பெயராகிவிட்டது.

தொண்டை விஷயம் தனிக் கதை. முதல் மாத முடிவில் புது டீச்சருக்குக் குரலே இல்லை. சத்தத்தை அடக்க அதைவிடப் பெரிய சத்தம் போட்டதன் பலன். இரண்டு பக்கமும் கத்தினால் தோற்பது ஒற்றைக் குரல்தான். பெரிய டீச்சர் செய்வதே வேறு. வகுப்பு இரைச்சலாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, தாளத்தோடு மூன்று தட்டு தட்டுவார். பிள்ளைகள் திருப்பி மூன்று தட்டுவார்கள். அப்புறம் வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பேச ஆரம்பிப்பார். காது கொடுத்தால்தான் கேட்கும் என்பதால் தானாக அடங்கும். பேசிக்கொண்டே இருக்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பாடத்தை நிறுத்தாமலே நடந்துபோய் அவன் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எப்போதும் இருக்கும். டஸ்டரை வாசலுக்கு வெளியே தட்டச் சொல்வார். இதையெல்லாம் பட்டயப் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை என்று புது டீச்சர் அலுத்துக்கொண்டார். சொல்லித் தந்திருந்தாலும் தொண்டை கட்டும்வரை யாருக்கு அது மண்டையில் ஏறும்?

நோட்டுத் திருத்துவது பற்றி இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்து பாடம், முப்பத்து நான்கு பிள்ளைகள், ஆக 170 நோட்டு. புது டீச்சர் அதைக் கட்டைப்பையில் போட்டு அறைக்குத் தூக்கிப்போய் இரவு பதினொரு மணி வரை திருத்துவார். “எதுக்கும்மா? வகுப்பிலேயே பேனாவோட சுத்தி வா. பையன் பக்கத்துல இருக்கும்போது ஒரு தப்பைக் காட்டினா அப்பவே திருத்திப்பான். நீ ராத்திரி திருத்தினதை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்” என்பது பெரிய டீச்சர் கட்சி. கட்டுரை நோட்டை அப்படிச் சுற்றிவந்து திருத்த முடியாது என்பது சின்னவர் கட்சி. இதில் சின்னவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கட்டுரையில் ஒரு வாரம் ஒற்று மட்டும், அடுத்த வாரம் ல-ள-ழ மட்டும் பார்ப்பது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை அதில் எதைத்தான் பார்க்கும்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தீபாவளி முடிந்த அந்த வாரம் வரை.

அன்று காலையிலிருந்தே எமிஸில் வருகைப்பதிவு ஏறவில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கும் வகுப்புக்கும் நடந்ததில் ஒரு பீரியடு போனது. ஏதோ புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்று வேறு கேட்டார்கள். மதியத்துக்குமேல் தமிழ் வகுப்பு. கடைசி வரிசைப் பையனை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார் புது டீச்சர். அவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் வரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் இன்னும் நின்றான்.

“அஞ்சாங்கிளாஸ் வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியல. நீயெல்லாம் எதுக்குடா ஸ்கூலுக்கு வர்ற? பேசாம சூளைக்கே போயிருக்கலாம்!”

மொத்த வகுப்பும் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அவனுடைய அப்பா அம்மா வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார். நான்காம் நாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகப் பேனா நின்றபோது, முன்வரிசைச் சிறுமி எழுந்து சொன்னாள்: “அவன் இனிமே வரமாட்டானாம் டீச்சர். நீங்கதான் சூளைக்குப் போகச் சொன்னீங்களாம்.”

மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை. பெரிய டீச்சர் சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். சொல்லவில்லை. அவர் தன் கதையைச் சொன்னார்.

1994-ல் நாலாம் வகுப்பில் ஒரு பையன். நோட்டு கொண்டுவரவில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து பிரம்பால் அடித்தார். நாலாம் நாள் அவன் வரவில்லை. வீட்டில் நோட்டு வாங்கக் காசில்லை என்பது பிறகு தெரிந்தது. அவன் திரும்பிப் பள்ளிக்கு வரவே இல்லை. இப்போது அவனுடைய மகள் இதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தினமும் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறான். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திக்கொள்வான். பெற்றோர் கூட்டத்துக்கு அவன் மனைவிதான் வருவாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவன் கேட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

“நான் போய்ப் பேசியிருக்கணும். அப்ப தோணல. அப்புறம் தோணினப்ப வெக்கமா இருந்துச்சு. நாளாக ஆக அது பாறாங்கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா.”

2009-ல் கொண்டுவரப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவு, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. “சட்டம் வந்து பிரம்பைக் கீழ போட்டோம், நாக்கைப் போடல” என்றார் பெரிய டீச்சர். பிறகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, “நாலு நாள்தானே ஆகுது. சனிக்கிழமை போ” என்றார்.

எப்படிப் போக வேண்டும் என்றும் சொன்னார். ஹெச்.எம்.-ஐக் கூட்டிக்கொண்டு போகாதே, போலீஸ் வந்த மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் போகாதே, காலையில் போ. அவர்கள் எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்கார். தண்ணீர் கொடுத்தால் குடி. முதல் வாக்கியம் பிள்ளையைப் பற்றி நல்லதாக இருக்க வேண்டும், சும்மா வாய்க்கு வந்த நல்லது இல்லை, நிஜமான ஒன்று. மன்னிப்பு கேட்பதாக இருந்தால் அம்மாவிடம் அப்பாவிடம் இல்லை, பையனிடமே கேள்.

நிஜமான நல்லது ஒன்று! வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போனபிறகு அவனுடைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தேடினார் புது டீச்சர். தமிழ் நோட்டில் பாதிப் பக்கம் காலி. அறிவியலில் படங்கள் இருந்தன, எழுத்து இல்லை. கணக்கு நோட்டைப் புரட்டும்போது அந்தப் பழைய பக்கம் வந்தது. 3,235. சரியான விடை, வழிமுறை இல்லாமல். பார்த்து எழுதியவன் என்று அன்று ஒதுக்கிய இரண்டு பேரில் ஒருவன் இவன்தான்.

யாரைப் பார்த்து எழுதினான்? இருக்கைப் படத்தைப் பார்த்தார். அவனுக்கு இடது பக்கம் இருந்தவனின் நோட்டில் 4,765. வலது பக்கம் சுவர். முன்னால் இருந்த இருவரும் 4,765. அவனைச் சுற்றிச் சரியான விடையே இல்லை!

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் இறங்கினார். சிமென்ட் ஓடு போட்ட வீடு, வாசலில் இரண்டு ஆடுகள், ஒரு கிழவி. “டீச்சரம்மாவா? வா கண்ணு, குந்து” என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். அம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தாள். பையன் ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி தூரத்திலேயே நின்றான்.

“உங்க பையன் கணக்குல கெட்டிக்காரன். கிளாஸ்லயே ரொம்பக் கஷ்டமான கணக்கை மனசாலேயே போட்டிருக்கான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

அம்மா சிரித்தாள். “அதுல கில்லாடிதான் டீச்சர். மேஸ்திரி கல்லுக் கணக்கு குறைச்சுச் சொன்னா இவன்தான் கண்டுபிடிப்பான்.”

புது டீச்சர் அவன் பக்கம் திரும்பி, “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னது அதைவிடத் தப்பு” என்றார். அவன் பதில் சொல்லவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அங்கேயே விட்டுவிடாமல் ஒன்று கேட்டார்.

“ஆயிரம் கல் அறுத்தா 900 ரூபாய்னு வெச்சுக்க. 1,400 கல் அறுத்தா எவ்வளவு?”

அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம். நூறுக்குத் தொண்ணூறு, நானூறுக்கு முந்நூத்தி அறுபது. ஆயிரத்து இருநூத்தி அறுபது.” மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

பொங்கலுக்கப்புறம் என்ன செய்யப்போகிறார்கள் என்றும் கேட்டுவைத்தார். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க முடியாது என்றாள் அம்மா. பையனை ஆயாவோடு விட்டுப் போகலாமே? “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல கண்ணு, மூணு வேளை ஆக்கிப் போட முடியுமா?” என்றாள் கிழவி. காலையில் பள்ளியிலேயே சாப்பாடு, மதியமும் சாப்பாடு, ராத்திரி ஒரு வேளைதான் என்று புது டீச்சர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்ட காலை உணவு, அன்று அந்த வாசலில் ஒரு வாதமாக உதவியது. “பாக்கலாம் டீச்சர்” என்றாள் அம்மா. அது சரி என்பதும் இல்லை, முடியாது என்பதும் இல்லை.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தான். “வாடா, எங்க போயிருந்த?” என்று கேட்கக் கூடாது என்பது பெரிய டீச்சரின் உத்தரவு. கேட்கவில்லை. கரும்பலகையில் இருந்த இரண்டு கணக்கைக் காட்டினார், உட்கார்ந்து போட்டான். ஆனால் வகுப்புக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தானே திரும்ப வாங்க வேண்டும்? “போன வாரம் நான் கோபத்துல ஒரு வார்த்தை சொன்னேன். டீச்சர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

வாசிப்புக்கு வழி தேட வேண்டும். அவனைத் தனியாக உட்காரவைத்தால் மறுபடி கேலி வரும். அதனால் தட்டுத் தடுமாறும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். மதிய உணவுக்கப்புறம் தினம் பதினைந்து நிமிடம், வேப்பமரத்தடி. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் சின்ன வகுப்புப் பயிற்சி நூல்கள் கையில் இருந்தன. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அதுவே அவமானம். எனவே பிள்ளைகள் வாயால் சொல்வதையே எழுதினார். “சூளையில என்ன நடக்கும், சொல்லு.” அவன் சொன்னான்: மண் மிதிப்போம். அச்சுல போடுவோம். கல் காயும். மழை வந்தா போச்சு. நான்கு வரி. அவன் சொன்ன சொற்கள், அவனுக்குத் தெரிந்த வரிசை. விரலை வைத்து வாசித்தான். ‘மழை’யில் உள்ள எழுத்துகளை வேறு சொற்களில் தேடினார்கள். மறுநாள் இன்னும் இரண்டு வரி. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் இருபது வரிகள் சேர்ந்திருந்தன, அதை அவன் தடங்காமல் வாசித்தான். பாடப்புத்தகம் இன்னும் கஷ்டம்தான். மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் நிற்கிறான்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. டிசம்பரில் ஒருநாள் பெரிய டீச்சர், “என் கிளாஸ்ல வந்து உட்காரேன். முப்பத்தாறு வருஷமா நான் நடத்துறதை அதிகாரிங்கதான் பார்த்திருக்காங்க, அவங்க வந்தா நானும் வேற மாதிரி நடத்துவேன்” என்றார். புது டீச்சர் தயங்கித் தயங்கி ஒரு பீரியடு போய்ப் பின்னால் உட்கார்ந்தார். ஓர் இருக்கைப் படத்தை வைத்துக்கொண்டு, யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தப் பெயருக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார். பீரியடு முடிந்ததும் தாளைக் காட்டினார்.

இருபத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குத்தான் புள்ளி இருந்தது. அதிலும் ஐந்து புள்ளி ஒரே சிறுமிக்கு. ஜன்னலோர வரிசை முழுக்கக் காலி.

பெரிய டீச்சர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த வரிசை... இது என் கண்ணுல விழவே இல்லையா?” என்றார். கை தூக்குகிறவர்களிடமே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அனுபவம் ஏற ஏற வரும் பழக்கம் இது. வகுப்பு தடங்கலில்லாமல் ஓட, பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் பக்கமே கை போகும்.

இன்னொன்றையும் சின்னவர் கவனித்திருந்தார். கேள்வி கேட்டதும் பதில் வராவிட்டால் பெரிய டீச்சர் ஒரு நொடிக்குமேல் பொறுப்பதில்லை. தானே சொல்லிவிடுவார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது கண்டதும் இதைத்தான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, ‘தெரியாது’ குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னது. முன்னால் நின்றுகொண்டு சும்மா இருந்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்! முதலில் கேள்வி, பிறகு மௌனம், அதன்பிறகுதான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மறுநாள் பெரிய டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவும் பேரன் சாப்பிட்டுப் போட்ட ஐஸ் குச்சிகளும் கொண்டுவந்தார். ஒரு குச்சிக்கு ஒரு பெயர். கேள்வி கேட்பார், மனசுக்குள் மூன்று எண்ணுவார், டப்பாவிலிருந்து ஒரு குச்சியை உருவுவார். முதல் வாரம் பிள்ளைகளைவிட அவருக்குத்தான் திணறல். ஒரு தடவை மறந்துபோய் அந்தப் பழைய சிறுமியையே பார்த்துவிட்டு, “டப்பா, டப்பா!” என்று வகுப்பே கத்தியது. வாசிக்கத் திணறும் பிள்ளையின் குச்சி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி தடுப்புக்கு அந்தப் பக்கமும் எழுந்தது. வாசிக்கும் வேலைக்கு டப்பா கிடையாது, வாயால் பதில் சொல்லும் கேள்விக்கு மட்டும் என்று இருவருமாக முடிவு செய்தார்கள்.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் பள்ளிகளுக்கு வந்தபோது, பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிச் சின்னக் கரும்பலகைகள் வரைந்தார்கள். அந்தப் பள்ளியில் அவை மங்கிப்போய்க் கிடந்தன. அவற்றுக்குப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று இருவரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். இப்போது ஒரு கணக்குக் கொடுத்தால் எல்லோரும் சுவரில் போடுகிறார்கள். நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடுகிறது. வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும் என்றபோது பெரிய டீச்சர் கேட்டுக்கு வெளியே போனார். மகளை விட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தவரிடம் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று புது டீச்சர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மனிதர் அன்று உள்ளே வரவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பிரஷ் பிடித்த நான்கு பேரில் அவரும் இருந்தார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார் புது டீச்சர். கரும்பலகையில் தேதியும் இரண்டு கணக்கும் எழுதிவிட்டு வாசலில் நின்றார். வரிசையாக முகங்கள் வந்தன. புது ரிப்பன், புது வளையல், கரும்புத் தின்றதில் கிழிந்த உதடு. பிரேயர் முடிந்தது. பெயர்களை வாசித்தார். மூன்று பேர் இல்லை. இரண்டு பேர் அப்பா அம்மாவோடு லாரி ஏறிவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மூன்றாவது பெயருக்கு நேராக எதுவும் போடாமல் பதிவேட்டைத் திறந்தே வைத்தார்.

ஒன்பது நாற்பதுக்கு வாசலில் நிழல் விழுந்தது. சட்டையெல்லாம் வேர்த்து, தலையில் ஒரு வைக்கோல் துணுக்கோடு நின்றான்.

“ஆட்டைக் கட்டிட்டு, ஆயாவுக்குத் தண்ணி எடுத்து வெச்சிட்டு வந்தேன் டீச்சர்.”

“சாப்பிட்டியா?”

“இல்ல டீச்சர்.”

காலை உணவு சமைக்கும் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் உப்புமா எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். அவன் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, கரும்பலகையைப் பார்த்து, முதல் கணக்கின் விடையை மட்டும் எழுதினான்.

“வழிமுறை?” என்றார் புது டீச்சர்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பென்சிலைத் திரும்ப எடுத்தான்.